அரசு கண்ணுக்கு எதைத் தருகிறது, கண்ணாடிக்கு எதைத் தருகிறது

நீங்கள் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் அக்கா, அங்கே கண் பரிசோதனையை அரசின் சுகாதாரக் காப்புறுதியே பார்த்துக்கொள்கிறது என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். சுவிஸில் இருக்கும் சித்தப்பா, பிள்ளைகளின் கண்ணாடிக்குக்கூடக் காசு வருகிறது என்றிருக்கிறார். அப்படியானால் இங்கே இலங்கையில், தம்பலகாமத்தில் வசிக்கும் 63 வயதான, நீரிழிவுள்ள உங்கள் அம்மாவுக்கும், அரச பாடசாலை ஆசிரியராக இருக்கும், 43 வயதில் புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்து வாசிக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கும், தரம் 4இல் படிக்கும் மகளுக்கும் எமது அரசு என்ன தருகிறது, தனியார் காப்புறுதி ஒன்றை எடுத்துவைப்பது நல்லதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில், அம்மாவுக்கு ஒரு கண்ணாடிக் கடையில் 38,000 ரூபா விலை சொன்னார்கள் என்று ஒரு வரி இருக்கிறது. அந்தப் பணத்தை யாராவது பொறுப்பேற்பார்களா என்பதுதான் உங்களை எழுதவைத்த கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை சொல்வதற்கு முன், அம்மாவுக்கு இப்போது அந்தக் கண்ணாடி தேவையா என்ற கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கும் வருவேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் கண் வைத்திய நிபுணர் அல்லன்; கிழக்கு மாகாணத்தின் அரச வைத்தியசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண் தொழில்நுட்பவியலாளராக வேலைபார்த்து, ஓய்வுபெற்று, இப்போது உப்புவெளியில் இருப்பவன். பார்வையை அளப்பதும், கண்ணாடிக்கு வலு எழுதுவதும், கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன் கண்ணுக்குள் வைக்கவேண்டிய வில்லையின் அளவைக் கணிப்பதும் என் தொழிலாக இருந்தன. ஆகவே கண்ணாடியைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். காப்புறுதி பற்றிச் சொல்வது, நோயாளிகளின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தும், எனக்கென்றே கோரிக்கை எழுதியும், வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய கடதாசிகளை வாசித்தும் அறிந்தது. உங்கள் அம்மாவின் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வதெல்லாம், கண்ணைப் பாராமல் சொல்லும் ஊகம் மட்டுமே.

உலகத்தின் பெரும்பாலான அரச காப்புறுதிகள் கண்ணை இரண்டு கணக்குகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. நோய்ப்பட்ட கண் ஒரு கணக்கு; நோயேதும் இல்லாமல் தெளிவு மட்டும் குறைந்த கண் இன்னொரு கணக்கு. புரை, கண் அழுத்த நோய், விழித்திரையில் இரத்தக் கசிவு ஆகியவை முதலாவதில் வருகின்றன; அவற்றுக்கு அரசு செலவழிக்கிறது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, நாற்பதுக்கு மேல் கிட்டவுள்ள எழுத்து மங்கும் வெள்ளெழுத்து ஆகியவை இரண்டாவதில் வருகின்றன. அவை வீட்டுக்காரரின் மடியில் விழுகின்றன. இதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று, கணக்கு. எவருக்கு, எப்போது வருமென்று தெரியாத பெரிய செலவைப் பலர் சேர்ந்து தாங்குவதற்காக ஏற்பட்டதே காப்புறுதி. வெள்ளெழுத்தோ ஏறத்தாழ எல்லாருக்கும் வந்தே தீரும் சிறிய செலவு. நிச்சயமாக வரப்போகும் ஒன்றைக் காப்புறுதி செய்தால், கண்ணாடியின் விலையோடு அலுவலகச் செலவையும் சேர்த்துக் கட்டுப்பணமாகக் கட்டவேண்டி வரும் என்பது கணக்காளரின் வாதம். அதோடு, கண்ணாடிச் சட்டகத்தில் எவ்வளவு பார்வைக்கு, எவ்வளவு அழகுக்கு என்று பிரிப்பதும் எளிதன்று.

அந்த வாதம் தாளில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையலை விட்டுவிட்ட பெண்களையும், வலையின் கண்ணி தெரியாமல் பொத்தும் வேலையை மகனிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் இருந்த மீனவர்களையும் நான் வாழ்நாள் முழுவதும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நோய் இல்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கை, குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அதில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது எனவும் கூறியது. அந்த 100 கோடியில் 82.6 கோடி, வெள்ளெழுத்துக்கு ஒரு கண்ணாடி கிடைக்காதவர்கள். அதாவது உலகத்தின் மிகப் பெரிய பார்வைப் பிரச்சினைக்கு மருந்து, ஒரு சோடிக் கண்ணாடி. 2021இல் உலக சுகாதாரப் பேரவை, 2030க்குள் கண்ணாடி சரியாகக் கிடைப்போரின் விகிதத்தை 40 சதவீதப் புள்ளிகளால் உயர்த்துவதென்று இலக்கு வைத்ததும் இதனால்தான்.

உங்கள் அக்கா சொன்னது பாதி சரி. கனடாவில் சுகாதாரக் காப்புறுதி மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அவர் இருக்கும் ஒன்ராறியோவில், 20 வயது முதல் 64 வயது வரையுள்ளவர்களின் வழமையான கண் பரிசோதனை 2004 நவம்பரில் காப்புறுதியிலிருந்து நீக்கப்பட்டது. 19 வயது வரை ஆண்டுக்கு ஒரு பரிசோதனை உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு முன்பு ஆண்டுதோறும் கிடைத்தது, 2023 செப்டெம்பர் முதல் 18 மாதத்துக்கு ஒன்று என்றாகியது. கண் அழுத்த நோய் போன்ற குறித்த சில நோய்கள் இருந்தால் மட்டும் ஆண்டுக்கொன்று. புரைச் சத்திரசிகிச்சையும் அதற்கான சாதாரண வில்லையும் காப்புறுதிக்குள் வருகின்றன. மூக்கில் மாட்டும் கண்ணாடியோ 65 வயதானவருக்கும் காப்புறுதியில் இல்லை; பலர் வேலைத்தலம் தரும் தனியார் காப்புறுதியில்தான் அதை வாங்குகிறார்கள். அம்மாவை அங்கே அழைத்துப் போய்க் காட்டலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. விருந்தாளியாக வருபவருக்கு மாகாணக் காப்புறுதி கிடையாது; பெற்றோருக்கான சுப்பர் விசாவுக்கே குறைந்தது ஒரு லட்சம் டொலருக்குத் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், அத்தகைய காப்புறுதிகள் திடீர் நோய்க்கும் விபத்துக்கும் ஆனவை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அம்மா போகட்டும். கண்ணுக்காகப் போகத் தேவையில்லை.

சித்தப்பா சொன்னதும் உண்மைதான், ஆனால் அது பிள்ளைகளுக்கு. சுவிஸின் கட்டாயக் காப்புறுதி, 18 வயது வரை, வைத்தியரின் சீட்டோடு ஆண்டுக்கு 180 பிராங்க் வரை தருகிறது. ஜேர்மனியிலும் 18க்குக் கீழ்ப்பட்டோருக்கு உண்டு. பெரியவர்களுக்கு 2004இல் நீக்கப்பட்டு, 2017இல் 6 டயொப்டருக்கு (டயொப்டர் என்பது வில்லையின் வலுவை அளக்கும் அலகு) மேற்பட்டது போன்ற கடுமையான குறைபாடுள்ளவர்களுக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது. இந்த வகையில் துணிந்த நாடு பிரான்ஸ். 2020 ஜனவரி முதல், குறித்த விலைக்கு உட்பட்ட சட்டகமும் வில்லையும் துணைக் காப்புறுதி உள்ளவருக்குக் கையிலிருந்து ஒரு சதமும் இல்லாமல் கிடைக்கின்றன. அமெரிக்காவின் மெடிக்கேர் முதியோருக்கான பெரும் திட்டம். அது வழமையான கண்ணாடிக்குத் தராது, ஆனால் புரைச் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்தால் அதன்பின் ஒரு சோடிக்குத் தரும். கண்ணாடி தேவைப்படுபவர் முதலில் நோயாளியாகவேண்டும் என்ற அந்த விதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கசப்பும் வந்தது.

பிரித்தானியாவின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும், ஏனெனில் எமது இலவச வைத்தியத்துக்கு அது அண்ணன் முறை. 1948 ஜூலையில் அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது கண்ணாடியும் பொய்ப்பல்லும்கூட இலவசம். ஆண்டாண்டாகக் கடையில் எடுத்த ஏதோ ஒரு கண்ணாடியோடு காலம் கழித்த ஏழைகள் திரண்டு வந்தார்கள். மதிப்பிட்ட செலவை அது தாண்டிப் போயிற்று. 1951இல் அரசு அவ்விரண்டுக்கும் பாதி விலையை அறவிட முடிவுசெய்தது. அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அமைச்சர் அனியூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். இலவச வைத்தியத்தின் வரலாற்றில் முதலில் உடைந்த இடங்களில் ஒன்று கண்ணாடி என்பதை மறக்காதிருங்கள். இன்று அங்கே பிள்ளைகளுக்கும் 60 வயதானவர்களுக்கும் நீரிழிவு, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் பரிசோதனை இலவசம். ஸ்கொட்லாந்தில் 2006 முதல் எல்லாருக்கும். கண்ணாடிக்கு உதவிச் சீட்டு, பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் மிகச் சிக்கலான வில்லை தேவைப்படுவோருக்கும் மட்டும்.

இனி எமது ஊருக்கு வருவோம். இலங்கையில் பொதுமக்கள் அனைவருக்குமான சுகாதாரக் காப்புறுதி என்று ஒன்று இல்லை. அது இல்லாதது குறையுமன்று. இங்கே அரச வைத்தியசாலை வரிப்பணத்தில் நடக்கிறது. வாசலில் அட்டையோ சந்தா இலக்கமோ கேட்பதில்லை. திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் உங்கள் அம்மாவின் பார்வையை அளப்பதற்கும், கண்ணமுக்கத்தை, அதாவது கண்ணுக்குள் உள்ள அழுத்தத்தைப் பார்ப்பதற்கும், சொட்டு மருந்து விட்டு விழித்திரையை நோக்குவதற்கும், புரை இருந்தால் சத்திரசிகிச்சை செய்வதற்கும் கட்டணம் கிடையாது. ஒன்ராறியோவில் நோயில்லாத 63 வயதுப் பெண்ணின் வழமையான பரிசோதனைக்குக் காசு கட்டவேண்டியிருக்க, தம்பலகாமத்துப் பெண் பேருந்துக் காசோடு அதைப் பெற்றுவிடலாம் என்பதை அக்காவிடம் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார். விலையை நாம் வேறு வழியில் கொடுக்கிறோம்: காலை ஐந்து மணிக்குத் துண்டு எடுக்க நிற்பதும், கிளினிக் திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதும், சத்திரசிகிச்சைப் பட்டியலின் நீளமும், கையிருப்பு இல்லாத காலங்களில் மருந்தையோ வில்லையையோ வெளியில் வாங்கிவரச் சொல்லப்படுவதும் அந்த விலை. 2022 நெருக்கடிக் காலத்தில் அந்த விலை எவ்வளவு ஏறியது என்பதை நினைவுபடுத்தத் தேவையில்லை.

ஆனால் கிளினிக்கில் வலு எழுதிய சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் இலவசம் முடிந்துவிடுகிறது. பெரியவர்களின் கண்ணாடி எங்கள் முறையிலும் வெளியேதான் இருக்கிறது. நான் எழுதிய சீட்டுகளில் எத்தனை கண்ணாடியாக மாறின என்று கணக்கெடுத்ததில்லை. மறுமுறை வரும்போது அதே சீட்டை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தவர்களின் முகங்கள் நினைவிருக்கின்றன.

அரச ஊழியருக்கு இந்த இடைவெளியில் ஒரு சிறு பாலம் உண்டு. நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்கள் சம்பளத்தில் அக்ரஹார காப்புறுதிக்காக ஒரு தொகை கழிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1997இல் தொடங்கிய இத்திட்டத்தை இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. சாதாரணத் திட்டத்துக்கு மேலே, கூடுதல் கட்டுப்பணத்துக்கு வெள்ளி, தங்கம் என்று படிகள் உண்டு. வைத்தியசாலையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே அது முதன்மையாக உதவினாலும், கண்ணாடிக்கென்று வரையறுத்த ஒரு தொகையையும் அது தருகிறது. ஒருமுறை பெற்றால் குறித்த காலம் கழிந்த பின்னரே அடுத்த முறை. தொகையும் இடைவெளியும் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறுபவை. ஆதலால் நான் வேலையிலிருந்த காலத்துத் தொகையை இங்கே எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் இவ்விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் நடைமுறையிலுள்ள அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மாறாத ஒன்றைச் சொல்கிறேன்: கோரிக்கைகள் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கடதாசிதான். வைத்தியரின் பரிந்துரைச் சீட்டுக்கு முந்திய திகதியில் பற்றுச்சீட்டு இருப்பது, பற்றுச்சீட்டில் பெயர் சுருக்கமாக இருப்பது, சட்டகத்துக்கும் வில்லைக்கும் தனித்தனியே விலை போடாமல் மொத்தமாகப் போட்டிருப்பது, காலம் பிந்தி அனுப்புவது. என்னுடைய கோரிக்கையே ஒருமுறை பெயரின் முதலெழுத்துக்காகத் திரும்பி வந்தது. படிவம் நிரப்புவதில் ஊருக்கே புத்தி சொன்னவன் நான்.

அம்மாவை அத்திட்டத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். திருமணமான உத்தியோகத்தரின் குடும்பம் என்று சாதாரணத் திட்டம் கொள்வது துணையையும் தங்கிவாழும் பிள்ளைகளையும். ஆகவே அம்மாவின் 38,000 ரூபாவை அந்த வழியில் எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது அந்த 38,000 ரூபா. அம்மாவுக்கு நீரிழிவு இருக்கிறது, கடந்த மாதம்தான் மாத்திரையோடு இன்சுலினும் தொடங்கியிருக்கிறார்கள், கடைக்காரர் இயந்திரத்தில் பார்த்து வலு எழுதிவிட்டார் என்கிறீர்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இன்றைக்கு அந்தக் கண்ணாடியை வாங்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை நீரை வாங்கியும் விட்டும் தன் வலுவை மாற்றிக்கொள்கிறது. சீனி மிகக் கூடியிருக்கும்போது ஒருவருக்குக் கிட்டப்பார்வை கூடும். சிகிச்சை தொடங்கிச் சீனி இறங்கும்போது அது எதிர்த்திசையில் போகும். அந்தக் கிழமைகளில் அளந்து செய்த கண்ணாடி, அடுத்த மாதம் வேறொருவருடைய கண்ணாடி போலாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நானே இந்தப் பிழையைச் செய்தேன். மூதூரிலிருந்து வந்த ஒரு கமக்காரருக்கு, கொப்பியில் சீனியின் அளவு எழுதியிருந்ததைப் பாராமல் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். நெல் விற்ற காசில் அதைச் செய்துகொண்டு ஆறு கிழமைக்குப் பிறகு வந்து, மேசையில் வைத்து, இதற்குள்ளால் பார்த்தால் வரம்பு வளைந்து தெரிகிறது ஐயா என்றார். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. சீனி குறைந்தது நான்கு முதல் ஆறு கிழமை ஓரளவு நிலையாக இருந்த பின் அளப்பதே முறை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. நீரிழிவு விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுப்பது தொடக்கத்தில் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. நன்றாக வாசிப்பவரின் விழித்திரையிலும் கசிவு இருக்கக்கூடும். தெரியவரும்போது பலருக்கு லேசர் செய்தாலும் இருப்பதைக் காப்பாற்றலாமே தவிர, போனது முழுமையாகத் திரும்பாது. ஆகவே நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை, சொட்டு விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையின் இயந்திரம் வலுவைச் சொல்லும். விழித்திரையைப் பற்றி அது வாய் திறக்காது. அம்மாவுக்கு நீரிழிவு வந்து பதினொரு ஆண்டு என்கிறீர்கள். ஒருமுறையாவது இப்படிப் பார்த்தார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் கண்ணாடியைவிட அது அவசரம்.

புரையும் இருக்கலாம். எங்கள் நாட்டில் 2014, 2015 ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வில், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காரணம் புரைதான் என்று கண்டார்கள். அம்மா சில மாதங்களாகக் கண்ணாடி இல்லாமலே பத்திரிகை வாசிக்கிறார், பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் மகிழ்ந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவேண்டும்; முதுமையில் வாசிக்கும் பார்வை திரும்பி வருவது பெரும்பாலும் புரை முற்றத் தொடங்குவதன் அடையாளம், அல்லது மேலே சொன்ன சீனியின் விளையாட்டு. எது என்பதைக் கண்ணைப் பார்த்தவரே சொல்லவேண்டும். புரைதான் என்றால், சத்திரசிகிச்சையின் பின் கண்ணின் வலு முற்றாக மாறிவிடும். முன்பே வாங்கிய விலையுயர்ந்த கண்ணாடி பெட்டிக்குள் போகும். சத்திரசிகிச்சைக்குப் பின்னும் நான்கு முதல் ஆறு கிழமை பொறுத்தே புதிய கண்ணாடி எழுதுவோம்.

விலை ஏன் 38,000 ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். கடைச் சீட்டில் நீங்கள் குறிப்பிட்ட சொற்களைப் பார்த்தால், மேலிருந்து கீழ் படிப்படியாக வலு மாறும் புரோகிரசிவ் வில்லை, வெயிலில் கறுக்கும் தன்மை, பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு, நீல ஒளியைத் தடுக்கும் பூச்சு, பெயர்பெற்ற சட்டகம் என ஐந்தும் சேர்ந்திருக்கின்றன. இவற்றில் பார்வைக்கு வலு தருவது வில்லை ஒன்றே. புரோகிரசிவ் வில்லை, கணினிக்கும் கரும்பலகைக்கும் கொப்பிக்கும் மாறி மாறிப் பார்க்கவேண்டிய உங்களைப் போன்றவருக்கு உதவும். புதிதாக அணியும் முதியவருக்கு, கீழே பார்க்கும்போது படி மங்கித் தெரிந்து தடுக்கி விழவும் வைக்கும். நீல ஒளிப் பூச்சு கண் களைப்பைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. வாசிக்க மட்டும் ஒன்று, தேவைப்பட்டால் தூரத்துக்கு மட்டும் ஒன்று என்று சாதாரண வில்லையில் இரண்டு கண்ணாடி செய்தாலும் அந்த விலையின் ஒரு பகுதியே ஆகும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அவர் விற்பவர், நாம் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும் வரை வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனை உண்டு. தடித்த அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். அம்மாவைக் கண்ணாடி இல்லாமல் வாசலில் இருத்தி, ஆறு மீற்றர் தூரத்தில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் இலக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே கண்ணால் துளைக்குள்ளால் வாசிக்கச் சொல்லுங்கள். துளைக்குள்ளால் தெளிவு கூடினால் கண்ணாடியால் திருந்தும் குறை இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கூடாவிட்டால், அல்லது இன்னும் மங்கினால், கண்ணாடி எவ்வளவு விலையானாலும் பயன் தராத வேறேதோ இருக்கக்கூடும். சில வகைப் புரையிலும் துளை சற்று உதவும், ஆகவே இது தீர்ப்பன்று. கடைக்கா கிளினிக்குக்கா முதலில் போவது என்று முடிவெடுக்க ஒரு வழி. ஒன்று மட்டும்: பார்வை திடீரெனக் குறைந்தாலோ, மின்னல் போலவும் கரும்புள்ளி மழை போலவும் தெரிந்தாலோ, திரை இறங்குவது போலிருந்தாலோ, கண் சிவந்து தலையிடியும் வாந்தியும் வந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். கண்ணில் தாய்ப்பால் விடுவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டை விடுவது இரண்டையும் இந்த நேரத்தில் செய்யாதீர்கள். பின்னதில் ஸ்டீரோயிட் கலந்திருந்தால் கண்ணில் உள்ள புண்ணும் மோசமாகும், கண்ணமுக்கமும் ஏறும்.

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து என்றே தோன்றுகிறது; 43 வயதில் வரவேண்டியதுதான். ஒருமுறை முழுப் பரிசோதனை செய்து, இரு கண்ணும் ஒரே வலுவாகவும் தூரப்பார்வை சரியாகவும் இருந்தால், கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் +1.00 அல்லது +1.50 வாசிப்புக் கண்ணாடி போதும். அதனால் கண் கெடாது, கண்ணாடி போட்டால் வலு ஏறும் என்பதும் உண்மையன்று, வயதால் ஏறுவதே அது. இரு கண்ணும் வேறுபட்டால் அளந்து செய்வியுங்கள், அக்ரஹாரவில் கோருங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரிதான் எழுதினீர்கள், நானோ அவரைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் சுகாதார வைத்திய அதிகாரியும் பாடசாலைக்கு வந்து செய்யும் மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு உரியது. 200க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பாடசாலையில் எல்லாருக்கும். இந்த ஆண்டு மகளின் முறை. அங்கே பார்வையும் பார்க்கப்படும். குறை தெரிந்தால் கண் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், பரிந்துரைக்கப்பட்ட மாணவருக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கும் ஏற்பாடு சுகாதார அமைச்சின் விஷன் 2020 நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இருக்கிறது. எங்கள் அரசு கண்ணாடியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டிருக்கும் இடம் இதுதான். 2017இல் தொடங்கி, இடையில் நின்று, மீண்டும் வந்த சுரக்ஷா மாணவர் காப்புறுதியைப் பற்றிக் கேட்டீர்கள். வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால் அது கைகொடுக்கும், கண்ணாடிக்குப் பாடசாலைப் பரிசோதனையே நேர்வழி. அன்றைக்குப் பிள்ளையை லீவில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள பிள்ளை, மற்றக் கண்ணால் சமாளித்து முறையிடாமலே இருந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காத சோம்பற் கண், அதாவது சிறுவயதில் சரியாகப் பயன்படாமல் பார்வை வளராது போன கண், பிறகு கண்ணாடிக்கு முழுமையாக இணங்குவது கடினம். அவருக்கு ஒன்பது வயது. முறை வரும்வரை நிற்காமல் இன்றிரவே ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி நாட்காட்டியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

தனியார் காப்புறுதி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக்காக மட்டும் எடுப்பது வீண். அம்மாவின் வயதிலும் நீரிழிவோடும் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்கும், புரைக்குக் காத்திருப்புக் காலமும் ஒப்பந்தத்தில் இருப்பது வழக்கம். கையெழுத்திடுமுன் அந்த இரண்டு பந்திகளையும் தமிழில் விளக்கும்படி முகவரைக் கேளுங்கள். அந்தக் கட்டுப்பணத்தை மாதாமாதம் தபாலகச் சேமிப்பில் போட்டால் ஓராண்டில் அம்மாவின் கண்ணாடி வந்துவிடும்.

கையில் காசே இல்லாத அயலவர் யாராவது இதை வாசித்தால் அவருக்காக ஒன்று. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தையும் சமூக சேவையையும் பார்க்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 60 வயதில் முதியோர் அடையாள அட்டை பெறலாம். கண் முகாம், கண்ணாடி உதவி என்று நிதி வரும்போது பெயர்ப்பட்டியல் அங்கிருந்தும் கிராம உத்தியோகத்தரிடமிருந்தும்தான் போகிறது. முதலே பெயர் கொடுத்தவருக்கே அழைப்பு வரும். ஜனாதிபதி நிதியத்துக்கும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் அது பாரிய சிகிச்சைகளுக்கானது. லயன்ஸ் கழகங்கள் 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளிலிருந்து பார்வைப் பணியைத் தம் பணியாகவே கொண்டிருக்கின்றன. எங்கள் மாவட்டத்துக்கும் அவர்களின் முகாம்கள் வருவதுண்டு. முகாமில் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பழைய கண்ணாடியை மட்டும், அளந்து பொருந்துகிறதா என்று பாராமல் வாங்காதீர்கள்.

அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளில் நீரிழிவுக் கிளினிக் கொப்பி, அண்மைய சீனிப் பரிசோதனைத் துண்டு, அவர் எடுக்கும் மருந்துகள், பழைய கண்ணாடிகள் எல்லாம், கடைக்காரர் எழுதிய சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வலு எழுதிய சீட்டில் இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தையும் மில்லிமீற்றரில் எழுதித் தரும்படி கேளுங்கள். அது இருந்தால் எந்தக் கடையிலும் செய்விக்கலாம், விலையையும் ஒப்பிடலாம். சொட்டு விட்ட பின் நான்கைந்து மணித்தியாலம் வெளிச்சம் கூசும், கிட்டப்பார்வை மங்கும். ஆகவே மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வராமல், ஒரு தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ கொடுத்துப் பேருந்தில் கூட்டி வாருங்கள். கையில் ஏதாவது சாப்பாடும் வைத்திருங்கள், இன்சுலின் போடுபவர் மதியம் தாண்டி வரிசையில் பசியோடு இருக்கக்கூடாது.